புது வண்டி வாங்குமுன்



புதிதாக வாங்கிய வண்டியை மந்திரித்துத் தருமாறு கேட்டுவரும் குடும்பங்களின் தொகை நம் சேலம், நாமக்கல் பகுதிப் பங்குகளில் ஆண்டுதோறும் பெருகி வருகிறது. முன்பெல்லாம் மிதிவண்டியும் மொபெட்டும் வந்த இடத்தில், இன்று எஸ்.யு.வி. என்று வழங்கப்படும், தரையிலிருந்து உயர்ந்து நிற்கும் கார்கள் வந்து நிற்கின்றன. அவற்றுள்ளும் இரண்டு வரிசை இருக்கைகளும் ஐவர் அமரும் இடமும் கொண்ட நடுத்தர அளவு வண்டியே பல குடும்பங்களின் கனவாக இருக்கிறது. உழைத்துச் சேர்த்த பொருளில் குடும்பம் முழுவதும் வெயில் மழை படாமல் பயணம் செய்ய விரும்புவதில் குறை காண்பதற்கு ஒன்றுமில்லை. ஆயினும், வீடு கட்டுவதற்கு அடுத்தபடியாக ஒரு குடும்பம் செய்யும் பெருஞ்செலவு இதுவே ஆதலால், வாங்குமுன் ஆற அமர எண்ணிப் பார்க்க வேண்டிய சிலவற்றை இம்மாதம் உங்கள் முன் வைக்கிறேன்.

நம் வட்டாரம் வண்டிகளை அறியாத வட்டாரம் அன்று. லாரிகளுக்குப் பாடி கட்டுவதில் நாமக்கல்லும், ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளால் திருச்செங்கோடும் இந்தியா முழுவதும் பெயர் பெற்றவை. சங்ககிரியில் லாரித் தொழிலால் வாழும் குடும்பங்கள் எத்தனை! லாரி வாங்கும் ஒருவர் என்ன கேட்கிறார் என்பதைக் கவனியுங்கள். எவ்வளவு பாரம், எவ்வளவு தூரம், டீசல் எவ்வளவு பிடிக்கும், உதிரிப் பாகம் எங்கே கிடைக்கும், தவணையை வண்டியின் வருமானம் தாங்குமா என்று கேட்டு முடித்த பிறகே நிறத்தையும் அலங்காரத்தையும் பற்றிப் பேசுவார். அதே மனிதர் தம் வீட்டுக்குக் கார் வாங்கப் புறப்படும்போது மட்டும், பக்கத்து வீட்டார் எதை வாங்கினார் என்ற ஒரே கேள்வியோடு ஷோரூமுக்குள் நுழைந்து விடுகிறார். தொழிலில் காட்டும் நிதானத்தை இல்லத்துக்கும் சிறிது கொண்டு வருவோம்.

முதற்கண், இவ்வளவு பெரிய வண்டி நமக்குத் தேவைதானா என்பதை ஆராய்வோம். 2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்த ஜி.எஸ்.டி. விதிப்படி, நீளம் 4 மீட்டருக்கு மிகாமலும், எஞ்சின் பெட்ரோலாயின் 1200 சி.சி.க்கும் டீசலாயின் 1500 சி.சி.க்கும் மிகாமலும் உள்ள கார்களுக்கு வரி 18 விழுக்காடு. இவ்வெல்லைகளுள் ஒன்றைத் தாண்டினாலும் வரி 40 விழுக்காடு. நடுத்தர எஸ்.யு.வி.க்கள் யாவும் 4 மீட்டரைத் தாண்டியவை. மின்சாரக் கார்களுக்கு மட்டும், அளவு எதுவாயினும், 5 விழுக்காடே.

கூடுதல் நீளத்தால் நாம் பெறுவது என்ன? ஓர் எடுத்துக்காட்டு காண்போம். ஹூண்டாய் கிரெட்டாவின் நீளம் 4,330 மி.மீ., அகலம் 1,790 மி.மீ. டாட்டா நெக்ஸானின் நீளம் 3,995 மி.மீ., அகலம் 1,804 மி.மீ. சிறிய வண்டியே அகலத்தில் ஒரு நூல் கூடுதலாக இருக்கிறது! எனவே பின் இருக்கையில் மூவர் தோளோடு தோள் இடிபடாமல் அமர வேண்டும் என்பது மட்டுமே உங்கள் தேவையாயின், பெரிய வண்டி என்பதாலேயே அது நிறைவேறிவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. பெரிய வண்டி தருவது முழங்காலுக்குச் சற்றுத் தாராளமான இடமும், டிக்கியில் கூடுதலாக ஓரிரு பெட்டிகளுக்கான இடமுமே. ஆண்டில் பலமுறை குடும்பத்தோடு வேளாங்கண்ணிக்கும் சென்னைக்கும் செல்வோருக்கு அது பயன்படும். இராசிபுரத்திலிருந்து சேலத்துக்கு நாள்தோறும் தனியொருவராக வேலைக்குச் சென்று வருவோருக்கு அது சுமையே.

அடுத்து, பணம். இவ்வகைக் கார்களின் ஷோரூம் விலை ஏறத்தாழ 11 இலட்சம் முதல் 20 இலட்சம் ரூபாய் வரை போகிறது. விளம்பரத்தில் காணும் விலை வீட்டு வாசலுக்கு வரும் விலை ஆகாது. 2023 நவம்பரில் தமிழக அரசு திருத்திய வாழ்நாள் சாலை வரி, 5 முதல் 10 இலட்சம் வரையிலான காருக்கு 13 விழுக்காடும், 10 முதல் 20 இலட்சம் வரையிலான காருக்கு 18 விழுக்காடும், அதற்கு மேற்பட்டவற்றுக்கு 20 விழுக்காடும் ஆகும். 15 இலட்ச ரூபாய்க் காருக்குச் சாலை வரி மட்டும் 2,70,000 ரூபாய். இதன்மேல் காப்பீடு, புதுக் காருக்கு மூன்றாம் நபர் காப்பீட்டை 3 ஆண்டுகளுக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும். காப்பீட்டை வண்டி விற்பவரிடமே வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வெளியிலும் விலை கேட்டு ஒப்பிட்டுப் பார்க்கலாம். உதிரி அலங்காரப் பொருள்களையும் வேண்டாம் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு.

கடனில் வாங்குவோர் மாதத் தவணையை மட்டும் பார்த்து மயங்கிவிடக் கூடாது. 12 இலட்ச ரூபாயை 9 விழுக்காடு வட்டியில் 5 ஆண்டுக் கடனாக வாங்கினால், மாதத் தவணை சுமார் 24,900 ரூபாய். மொத்த வட்டி சுமார் 2,95,000. அதே கடனை 7 ஆண்டுக்கு நீட்டினால் தவணை சுமார் 19,300 ஆகக் குறையும். வட்டியோ சுமார் 4,22,000 ஆக ஏறும். தவணை எளிதாகிவிட்டது என்று மகிழ்ந்தவர் 1,27,000 ரூபாயைக் கூடுதலாகக் கொடுக்கிறார். இன்று ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் பிள்ளை, அந்த 7 ஆண்டுகளுக்குள் பள்ளியை முடித்துக் கல்லூரிக் கட்டணத்துக்காகத் தந்தையின் முகத்தைப் பார்த்து நிற்கும் என்பதையும் எண்ணுங்கள். கோபுரம் கட்டப் புகுந்தவனைப் பற்றிய நற்செய்தி உவமையை அறிந்தவர்களாகிய நமக்கு, உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவது புதிய பாடம் அன்று.

பெட்ரோலா, டீசலா என்ற கேள்வியும் கணக்கால் தீர வேண்டியதே. டீசல் வண்டி 1,50,000 ரூபாய் கூடுதல் விலை என்றும், பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 13 கி.மீ., டீசல் வண்டி 18 கி.மீ. தருவதாகவும், பெட்ரோல் 100 ரூபாய், டீசல் 92 ரூபாய் என்றும் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 60 காசு அளவுக்கு மிச்சமாகும். கூடுதலாகக் கொடுத்த பணம் திரும்பிவர ஏறத்தாழ 58,000 கி.மீ. ஓட வேண்டும். ஆண்டுக்கு 25,000 கி.மீ. ஓடும் வியாபாரிக்கு அது இரண்டே கால் ஆண்டு. ஞாயிறு திருப்பலிக்கும் கடைவீதிக்கும் மட்டும் வண்டி எடுத்து, ஆண்டுக்கு 8,000 கி.மீ. ஓட்டும் குடும்பத்துக்கு ஏழு ஆண்டுக்கும் மேல். பெட்ரோலோடு மின்மோட்டாரும் சேர்ந்து இயங்கும் ஹைபிரிட் வண்டிகள் நகர நெரிசலில் எரிபொருளை நன்கு மிச்சப்படுத்துகின்றன. ஆனால் அவற்றின் மின்கலமும், சி.என்.ஜி. வண்டிகளின் சிலிண்டரும் டிக்கியின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். டிக்கிக்காகவே பெரிய வண்டி தேடுவோர் இதைத் திறந்து பார்த்துத் தெளிய வேண்டும்.

இனி, எல்லாவற்றினும் தலையாயதாகிய உயிர்ப் பாதுகாப்பு. நாம் நாள்தோறும் பயன்படுத்துவது சேலம் – நாமக்கல் – கரூர் வழியாகச் செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. அதில் நம் வண்டிக்கு முன்னும் பின்னும் ஓடுபவை பல டன் எடையுள்ள லாரிகள். வடக்கே தருமபுரிக்குச் செல்லும் வழியில் உள்ள தொப்பூர்க் கணவாயில் நிகழ்ந்த விபத்துகளை நாம் அறிவோம். உயரமான வண்டியில் அமர்ந்தால் பாதுகாப்பு என்ற எண்ணம் பலரிடம் வேரூன்றி இருக்கிறது. உயரத்தால் சாலை நன்கு தெரியும் என்பது மெய்யே. ஆனால் எடை உயரத்தில் அமைவதால், வேகமாகத் திருப்பும்போது அவ்வண்டி தாழ்ந்த காரைவிடக் கூடுதலாகச் சாயும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும், ஏற்காட்டின் 20 வளைவுகளிலும் இதை நீங்களே உணரலாம். ஆதலால் சறுக்கலைத் தடுக்கும் இ.எஸ்.சி. என்னும் மின்னணு அமைப்பு நீங்கள் வாங்கும் குறிப்பிட்ட ரகத்திலேயே இருக்கிறதா என்று கேளுங்கள். ஜீப் போன்ற தோற்றம் இருந்தாலும் இவ்வண்டிகளில் பெரும்பாலானவை முன்சக்கரங்களால் மட்டுமே இழுக்கப்படுபவை என்பதையும் அறிந்து வைத்திருங்கள். தார்ச்சாலையில் மலை ஏற அதுவே போதும்.

மோதலில் வண்டி எவ்வளவு தாங்கும் என்பதைச் சோதித்து நட்சத்திர மதிப்பளிக்கும் பாரத் என்கேப் என்னும் திட்டம் 2023 அக்டோபர் முதல் நம் நாட்டில் நடைபெறுகிறது. மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் வண்டியின் முன்பகுதியைத் தடுப்பில் மோதவிட்டும், பக்கவாட்டில் மோதவைத்தும் பார்க்கிறார்கள். பெரியவர்களுக்கு 32, குழந்தைகளுக்கு 49 எனப் புள்ளிகள் தனித்தனியே வழங்கப்படுகின்றன. குழந்தைகளுக்கான புள்ளியையும் மறவாது கேளுங்கள். அதற்கு முன் குளோபல் என்கேப் நடத்திய சோதனையில், 2022இல் ஸ்கோடா குஷாக்கும் வோக்ஸ்வேகன் டைகுனும் 5 நட்சத்திரங்கள் பெற்றன. அதே ஆண்டு, அப்போதைய கிரெட்டா, இரண்டு காற்றுப்பைகள் கொண்ட ரகத்தில் 3 நட்சத்திரங்களே பெற்றது. 2024இல் வந்த புதிய கிரெட்டாவில் 6 காற்றுப்பைகள் எல்லா ரகங்களிலும் உண்டு. எந்த வடிவம், எந்த ஆண்டு, எந்த ரகம் சோதிக்கப்பட்டது என்று கேட்டறிந்தால்தான் நட்சத்திரத்துக்குப் பொருள் உண்டு.

எத்தனை நட்சத்திரம் இருந்தும் பெல்ட் அணியாதவரை அது காக்காது. 2022 செப்டம்பர் 4 அன்று மகாராட்டிரத்தின் பால்கர் அருகே நேர்ந்த விபத்தில் டாட்டா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி உயிரிழந்தார். விலையுயர்ந்த, உறுதியான வண்டி அது. முன் இருக்கையில் இருந்த இருவர் காயங்களோடு பிழைத்தனர். பின் இருக்கையில் பெல்ட் அணியாதிருந்த இருவரும் மாண்டனர். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் மோதுவது, சுமார் 14 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது நன்கு வளர்ந்த தென்னையின் உச்சியிலிருந்து விழுவதற்கு ஒப்பாகும். அவ்வேளையில் முன் இருக்கையில் மடிமீது வைத்திருக்கும் குழந்தையை எந்தத் தாயின் கையாலும் பிடித்து நிறுத்த இயலாது. ஆகவே, ஷோரூமில் பாட்டுக் கருவியைத் தட்டிப் பார்க்கும் நேரத்தில் பாதியையாவது பின் இருக்கைக்குச் செலவிடுங்கள். நடுவில் அமர்பவருக்கும் தோளைச் சேர்த்துப் பிடிக்கும் மும்முனை பெல்ட் உள்ளதா? குழந்தை இருக்கையைப் பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் உள்ளனவா? கூரையில் திறக்கும் கண்ணாடி நம் சமவெளியின் சித்திரை வெயிலில் ஆண்டின் பெரும்பகுதி மூடியே கிடக்கும். திறந்தாலோ பிள்ளைகள் தலையை வெளியே நீட்டி ஆபத்தைத் தேடிக்கொள்வர். அதற்குக் கொடுக்கும் பணத்தை ஒரு நல்ல குழந்தை இருக்கைக்குக் கொடுங்கள்.

வண்டியைப் பார்க்கப் போகும்போது வீட்டிலுள்ள முதியவர்களையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். முழங்கால் வலியுள்ள பாட்டியம்மா பிறர் உதவியின்றி ஏறி இறங்க முடிகிறதா என்பது எந்த விளம்பரத்திலும் அச்சாவதில்லை. தோட்டத்து வீட்டுக்குப் போகும் மண்பாதையும், ஊருக்கு ஊர் உயர்ந்து நிற்கும் வேகத்தடைகளும் உள்ள நமக்குத் தரை இடைவெளி முக்கியமே. கிரெட்டாவில் அது 190 மி.மீ., ஹோண்டா எலிவேட்டில் 220 மி.மீ. இவை ஆளேறாத வண்டியின் அளவுகள். ஐவரும் மூட்டைகளும் ஏறினால் குறையும்.

சர்வீஸ் நிலையம் எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதையும் கேளுங்கள். சென்னையை அடுத்த மறைமலைநகரில் 2013 முதல் ஃபோர்டு ஈகோஸ்போர்ட் விற்பனைக்கு உருவாகி வந்தது. 2021 செப்டம்பரில் அந்நிறுவனம் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. ஒரகடத்தில் தயாராகி 2012இல் அறிமுகமான ரெனோ டஸ்டரும் 2022இல் நின்றது. நல்ல வண்டிகளே ஆயினும் அவற்றை வைத்திருந்தவர்கள் உதிரிப் பாகத்துக்கும் மறுவிற்பனைக்கும் கவலைப்பட நேர்ந்தது. பத்தாண்டு வைத்துக்கொள்ளும் பொருளை வாங்குவோர், பத்தாண்டுக்குப் பின் அதைப் பழுது பார்ப்பவர் யார் என்றும் எண்ண வேண்டும்.

இறுதியாக ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். திருமணப் பேச்சில், மாப்பிள்ளைக்கு இன்ன கார், இன்ன நிறம் என்று கேட்கும் வழக்கம் நம் வட்டாரத்தில் புகுந்துவிட்டது. அந்த நோய்க்கு நம் குடும்பங்களும் விலக்கல்ல. 1961ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டத்தின்படி கேட்பதும், கொடுப்பதும், வாங்குவதும் குற்றம். அன்பளிப்பு என்று பெயர் மாற்றுவதால் பெண்ணைப் பெற்றவரின் கடன் குறைந்துவிடாது. தம் மகளின் வாழ்வு நன்றாயிருக்க வேண்டுமே என்று அஞ்சி, ஒரு தந்தை தம் ஓய்வுக்காலச் சேமிப்பை எடுத்து நீட்டும் வண்டியில் ஏறி ஊர்வலம் போக எந்த இளைஞனுக்கும் மனம் வரலாகாது. மணமகனாகப் போகும் இளைஞர்களே, அத்தகைய பேச்சு உங்கள் வீட்டில் எழும்போது, பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று தலைகுனிந்து இருந்துவிடாமல், வேண்டாம் என்று முதலில் சொல்பவர் நீங்களாக இருங்கள்.

இவ்வாரம் ஒருநாள் மாலை, குடும்ப செபம் முடிந்ததும் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஓராண்டில் எத்தனை கிலோமீட்டர் போவோம், எத்தனை பேர் போவோம், கையில் உள்ள பணம் எவ்வளவு, தவணைக்குப் பின் மிஞ்சுவது எவ்வளவு என்று கணவரும் மனைவியும் சேர்ந்து எழுதுங்கள். பிள்ளைகளும் அருகிலிருந்து பார்க்கட்டும். அந்தத் தாள் சிறிய வண்டி போதும் என்று சொன்னாலும், இன்னும் இரண்டாண்டு பொறுத்திருங்கள் என்று சொன்னாலும், அதற்குச் செவிகொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் பங்குத்தந்தை