விமானி அனுமதிப்பத்திரமும் வயற்காணி உறுதியும்

வெள்ளவத்தைக்குத் தெற்கே சில கல் தொலைவிலுள்ள இரத்மலானையிலிருந்து, 1947 டிசம்பர் 10ஆம் நாள் எயார் சிலோன் விமானம் காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குத் தன் முதற் பயணத்தை மேற்கொண்டது. இன்று நம் உழவர் வீட்டுப் பிள்ளைகளும் விமானியாக விழைகின்றனர். அது வரவேற்கத்தக்கதே. ஆயினும் காணியை ஈடுவைக்கத் துணியும் பெற்றோர், சட்டம் கூறுவது யாதென முதலில் அறிதல் வேண்டும்.

அநுமதிப்பத்திரம் ஒருவகைத்தன்று. 1944ஆம் ஆண்டின் சிக்காகோ உடன்படிக்கைவழி வந்த சர்வதேச விதிகள் ஆகக் குறைந்த தகுதிகளை வகுத்துள்ளன. தனியார் விமானிக்கு வயது 17. பறப்பு 40 மணித்தியாலம். அதில் தனித்துப் பறப்பது 10. இப்பத்திரத்தைக் கொண்டு ஊதியத்துக்கு விமானம் ஓட்ட இயலாது. வர்த்தக விமானிக்கு வயது 18. பறப்பு 200 மணித்தியாலம். அங்கீகாரம் பெற்ற பாடநெறியாயின் 150 போதும். பெரிய பயணிகள் விமானத்தின் தலைமை விமானிக்குரிய பத்திரத்துக்கோ வயது 21. பறப்பு 1500 மணித்தியாலம். இவற்றுடன் வான்சட்டம், வானிலை, வழியறிதல் முதலிய பாடங்களிற் பரீட்சையும் உண்டு.

இருநூறுக்கும் ஆயிரத்தைந்நூறுக்கும் இடையிலுள்ள தூரத்தை விளம்பரங்கள் உரத்துச் சொல்வதில்லை. அத்தூரத்தைக் கடக்க ஒரு விமானக் கம்பனி துணை விமானியாக ஏற்க வேண்டும். குறித்த வகை விமானத்துக்கென வேறு பயிற்சியும் வேண்டும். சட்டம் தருவது அநுமதி, உத்தியோகமன்று. ஆகவே கட்டணம் செலுத்துமுன் முதலாந்தர மருத்துவச் சான்றிதழைப் பெறுக. நிறங்களைப் பிரித்தறிவதிலுள்ள குறையொன்றே வழியை அடைக்கக்கூடும். பாடசாலை சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபையின் அங்கீகாரம் பெற்றதா என்பதையும் எழுத்தில் அறிக. அதன் பின்னரே காணி உறுதியைப் பெட்டியிலிருந்து எடுக்கலாம்.

சர்வதேசப் பறப்புக்கு ஆறுபடி அளவில் நான்காம் படி ஆங்கிலத் தேர்ச்சி கட்டாயம். வானொலியிற் பேசும் சொல் பிழைத்தால் உயிர்கள் போகும். அதனை நாம் எதிர்க்கவில்லை. நாம் கேட்பது வேறு. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. எனவே, இவ்விதிகளும் அங்கீகாரம் பெற்ற பாடசாலைகளின் பட்டியலும் யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மட்டக்களப்புக் கச்சேரிகளிலே தெளிந்த தமிழிற் கிடைக்க வேண்டும். 2019 ஒக்டோபரிற் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்ட பலாலியிலே பறப்புப் பயிற்சிக்கும் இடமளிக்க வேண்டும். திறமையுள்ள வறிய மாணவருக்கு அரச வங்கிகள், காணி ஈடு கேளாது, நீண்டகாலக் கடன் வழங்க வேண்டும்.

விதிக்கப்பட்ட மணித்தியாலங்களிற் சலுகை கேட்போர் நாமல்லர். ஒரு நிமிடமும் குறைய வேண்டியதில்லை. அவற்றைப் பறந்து முடிக்கும் வாய்ப்பு, கொழும்பிற் பணமுள்ளோர்க்கு மட்டும் உரியதாகலாகாது என்பதே நம் வாதம். பாராளுமன்றத்திலுள்ள நம் பிரதிநிதிகள் இம்மூன்று கோரிக்கைகளையும் அமைச்சரிடம் எழுப்புவார்களாக!