தகரக் குடிலில் குடித்தனம்: வட்டுக்கோட்டைக்கும் உடுவிலுக்கும் ஒரு திறந்த மடல்



படிப்பு முடிந்த பிறகே கலியாணம் என்பது யாழ்ப்பாணத்து வீடுகளில் எழுதாத சட்டம். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய அமெரிக்காவில் இவ்வரிசை சில ஆண்டுகளிலேயே குலைந்தது. 1944 ஜூன் 22 அன்று ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஒப்பமிட்ட ஜி.ஐ. சட்டம், அதாவது போரிலிருந்து மீண்ட படையினரின் படிப்புச் செலவை அரசே ஏற்ற சட்டம், ஏறத்தாழ 22 இலட்சம் பேரைக் கல்லூரிகளுக்குக் கொண்டுவந்தது. தொடக்கத்தில் தனியாளுக்கு மாதம் 50 டொலரும் குடும்பகாரருக்கு 75 டொலரும் எனப் படி வகுக்கப்பட்டதால், மனைவி பிள்ளையோடு வரும் மாணவன் அரசின் கணக்கிலேயே இடம்பெற்றான்.

இடம்தான் இருக்கவில்லை. அயோவா மாநிலக் கல்லூரி 1946இல் அமைத்த பாமெல் கோர்ட் போன்ற குடியிருப்புகளில், சில்லுப் பூட்டிய இழுவை வீடுகளும், பீப்பாயை நெடுக்கே பிளந்து கவிழ்த்தாற்போன்ற குவான்செட் எனும் நெளிதகரக் குடில்களும் வரிசையாக நின்றன. வளைந்த சுவரோடு அலுமாரி ஒட்டி நிற்காது. இழுவை வீட்டில் இருந்தவர்கள் குளிக்கப் பொதுக் குளியலறைக்கு நடக்க வேண்டும். கோடையில் தகரம் எப்படிக் கொதிக்கும் என்பதை, உள்நாட்டுப் போரில் இடம்பெயர்ந்து நலன்புரி முகாம்களில் ஆண்டுக்கணக்கில் இருந்த வலிகாமம் வடக்கு மக்களுக்கு விளக்கத் தேவையில்லை.

படி போதாமையால் மனைவிமார் தட்டச்சுக்கும் கடைகளுக்கும் வேலைக்குப் போயினர். பலருடைய சொந்தப் படிப்பு அத்தோடு நின்றது. கணவனைப் படிப்பித்தவர் என்று பொருள்படும் விளையாட்டுப் பட்டமொன்றைப் பல கல்லூரிகள் அவர்களுக்கு அச்சிட்டு வழங்கின. அதைப் பாராட்டு என்பதைவிடக் கைகழுவல் என்பதே பொருந்தும். யாழ்ப்பாணமும் இதில் விலகி நிற்க முடியாது. இங்கு மாப்பிள்ளையின் மேற்படிப்பைப் பல வேளைகளில் பெண்வீட்டுச் சீதனமே தாங்கியது. அமெரிக்க மிஷனரிமாரே 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியையும் மறுவருடம் உடுவில் பெண்கள் விடுதிப் பாடசாலையையும் தொடங்கியபோது, படித்த கிறிஸ்தவ இளைஞருக்கு ஏற்ற துணைவியரை உருவாக்குவதையும் நோக்கமாகக் கொண்டிருந்தனர்; கிறிஸ்தவரை மணந்த உடுவில் மாணவியருக்கு மிஷனே சீதனமும் கொடுத்தது.

இங்கும் உள்நாட்டுப் போர் தின்ற ஆண்டுகளை மீட்டு நம் கல்லூரிகளுக்குப் படிக்க வருபவர்களுள் தாய்மாரும் தகப்பன்மாரும் உண்டு. வெளிநாட்டுப் பழைய மாணவர் சங்கங்கள் அடுத்த நுழைவாயில் வளைவுக்குக் காசு சேர்க்குமுன், குசினியும் கிணறும் உள்ள ஒரு வளவில் பத்துச் சிறு வீடுகளுக்கு என்ன செலவாகும் என்று ஊரிலுள்ள மேசன்மாரிடம் கேட்டு எழுதுமாறு இம்மடல் வேண்டுகிறது. வாடகைச் சீட்டில் மனைவியின் பெயரும் மாணவியாகவே எழுதப்படட்டும்.