நின்றிருந்தால் உயிர் பிழைத்திருக்குமா?

"நிக்கச் சொன்னா நிக்க வேண்டியதுதானே? தப்பு பண்ணாதவனுக்கு என்ன பயம்?"

வாகனச் சோதனையில் ஓர் உயிர் போகும்போதெல்லாம் நம் ஊரில் முதலில் எழும் கேள்வி இதுதான். டீக்கடையில் கேட்கிறது, ஷேர் ஆட்டோவில் கேட்கிறது, தொலைக்காட்சி விவாதத்தில் கோட்டு போட்டவர் வாயிலும் கேட்கிறது. பிணம் மார்ச்சுவரியை விட்டு வெளியே வருவதற்குள் செத்தவனே குற்றவாளி ஆகிவிடுகிறான். ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் குடியிருக்கிற நம் சனமே இப்படிப் பேசுவதைக் கேட்கும்போது எனக்கு ஆத்திரம் இரட்டிப்பாகிறது. இந்த நம்பிக்கை பொய். பல உயிர்களைப் பறித்த பிறகும் உயிரோடு இருக்கும் பொய்.

நின்றவர்களின் கதையிலிருந்தே தொடங்குகிறேன். 2021 ஜூன் 22. ஊரடங்கு காலம். சேலம் மாவட்டத்தில் டாஸ்மாக் கடைகள் திறக்கவில்லை, பக்கத்துக் கள்ளக்குறிச்சியில் திறந்திருந்தன. அங்கே போய்க் குடித்துவிட்டு நண்பர்களோடு பைக்கில் திரும்பிய முருகேசனை ஏத்தாப்பூர் அருகே பாப்பநாயக்கன்பட்டி சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். நின்றார். வாக்குவாதம் வந்தது. சிறப்பு சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர் லத்தியால் அடித்தார். நடுரோட்டில் விழுந்த முருகேசன் மறுநாள் இறந்தார். கூட இருந்தவர்கள் கைபேசியில் வீடியோ எடுத்திருந்தார்கள். அது ஊரெல்லாம் பரவிய பிறகுதான் அந்த அதிகாரி கைதானார். வீடியோ இல்லாமல் போயிருந்தால், 'குடிபோதையில் கீழே விழுந்து இறந்தார்' என்ற வரியோடு அந்தக் கோப்பு மூடப்பட்டிருக்காது என்று யாராவது நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியுமா?

அடுத்தது நம் சென்னை. 2022 ஏப்ரல் 18 இரவு கெல்லீஸ் பக்கம் வாகனச் சோதனை. ஆட்டோ ஒன்றை மறித்தார்கள். உள்ளே இருந்தவர்களில் ஒருவர் விக்னேஷ், 25 வயது, மெரினாவில் குதிரை சவாரி விட்டுப் பிழைத்தவர். கஞ்சாவும் மதுவும் கத்தியும் இருந்தன, தப்பி ஓடப் பார்த்தார் என்றது போலீஸ். சரி, ஓடப் பார்த்தார் என்றே வைத்துக்கொள்வோம். பிடித்தாகிவிட்டது. தலைமைச் செயலகக் காலனி காவல் நிலையத்துக்குக் கொண்டுபோயாகிவிட்டது. மறுநாள் விக்னேஷ் உயிரோடு இல்லை. வாந்தி, வலிப்பு என்று காரணம் சொன்னார்கள். சட்டமன்றத்தில் முதல்வர் மு.க. ஸ்டாலின் முதலில் வாசித்ததும் அந்த விவரத்தைத்தான். பிறகு பிரேதப் பரிசோதனை அறிக்கை வந்தது. உடலில் 13 காயங்கள். மே 6ஆம் தேதி அதே சட்டமன்றத்தில் அதே முதல்வர், வழக்கு கொலை வழக்காக மாற்றப்பட்டதை அறிவிக்க வேண்டியதாயிற்று. சிபிசிஐடி காவலர்களைக் கைது செய்தது. ஸ்டேஷனுக்குள் இருந்தவன் இன்னும் எங்கே நின்றிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள்?

நிற்காதவர்களின் கதைக்கும் வருகிறேன். 2018 மார்ச் 7ஆம் தேதி, திருச்சி துவாக்குடி அருகே ஹெல்மெட் சோதனையில் ஒரு பைக் நிற்காமல் போனது. போக்குவரத்து இன்ஸ்பெக்டர் துரத்திப் போய் வண்டியை எட்டி உதைத்தார். பின்னால் உட்கார்ந்திருந்த உஷா கீழே விழுந்து இறந்தார். வண்டி ஓட்டியது கணவர். நிறுத்தாதது கணவர். செத்தது மனைவி. அன்று ராத்திரி தஞ்சாவூர் சாலையில் ஆயிரக்கணக்கில் திரண்ட மக்களுக்கு இருந்த நியாய உணர்ச்சி, 'நின்றிருக்கலாமே' என்று வீட்டிலிருந்து தீர்ப்பு சொல்பவர்களுக்கு இல்லை.

யாழ்ப்பாணம் கொக்குவில் குளப்பிட்டியில் 2016 அக்டோபர் 20 இரவு இதே கதை நடந்தது. பைக்கில் வந்த பல்கலைக்கழக மாணவர்கள் சுலக்சன், கஜன் இருவரும் இறந்தார்கள். முதலில் விபத்து என்றார்கள் போலீசார். உடலில் துப்பாக்கிச் சூட்டுக் காயம் தெரிந்ததும், நிறுத்தச் சொன்னோம் நிற்கவில்லை என்றார்கள். பாரிஸை ஒட்டிய நான்தேரில் 2023 ஜூன் 27ஆம் தேதி காரோட்டி வந்த 17 வயது நாஹேலைப் போலீஸ் சுட்டபோதும், எங்கள் மேல் காரை ஏற்ற வந்தான் என்ற செய்திதான் முதலில் வந்தது. ஆனால் சுட்டவர் காருக்குப் பக்கவாட்டில் நின்றதை வீடியோ காட்டியது. சென்னை, யாழ்ப்பாணம், பிரான்ஸ் மூன்றிலும் முதலில் வந்த கதை நிலைக்கவில்லை. பிரேதப் பரிசோதனையோ வீடியோவோ வந்த பிறகு கதை மாறியது. ஆனால் 'நின்றிருந்தால்' என்று பேசுகிறவர்கள் அந்த முதல் கதையை மட்டுமே நம்பிப் பேசுகிறார்கள்.

நிற்க வேண்டியது கடமை, மறுக்கவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 132ஆம் பிரிவு அதைச் சொல்கிறது: சீருடையில் உள்ள, சப்-இன்ஸ்பெக்டர் பதவிக்குக் குறையாத அதிகாரி நிறுத்தச் சொன்னால் நிறுத்த வேண்டும். நிறுத்தாவிட்டால்? அபராதம். ஹெல்மெட் இல்லாவிட்டால் 194டி பிரிவில் 1,000 ரூபாய். லைசென்ஸ், ஆர்சி, இன்சூரன்ஸ் எது இல்லாவிட்டாலும் அதற்கும் சட்டத்தில் ஒரு தொகை இருக்கிறது. நம்பரைக் குறித்துக்கொண்டால் அபராதம் வீட்டு முகவரிக்கே வந்து சேரும் காலம் இது. மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றம் சாட்டப்படாத ஒருவரைக் கைது செய்யும்போது உயிரைப் பறிக்கும் உரிமை போலீசுக்கு இல்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 46ஆம் பிரிவும் அதையே சொன்னது, இன்றைய புதிய சட்டத்தின் 43ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. நிறுத்தும் அதிகாரம் வேறு, தண்டிக்கும் அதிகாரம் வேறு. முன்னது காவலருக்கு உண்டு. பின்னது நீதிபதிக்கு மட்டும்தான் உண்டு.

'தப்பு பண்ணாதவனுக்கு என்ன பயம்' என்று கேட்கிறவர்கள் ஒரு ராத்திரி காசிமேட்டுப் பக்கம் வந்து பார்க்கட்டும். ஊர் தூங்கும் நேரத்தில்தான் எங்கள் பகுதிக்குப் பொழுது விடிகிறது. பின்னிரவு இரண்டு மணிக்கெல்லாம் மீன்பிடித் துறைமுகத்தை நோக்கி டிவிஎஸ் வண்டிகள் கிளம்பிவிடும். பின்னால் ஐஸ் பெட்டியோ கூடையோ கட்டியிருக்கும். ஏலத்துக்கு முன்னால் போய்ச் சேராவிட்டால் நல்ல மீன் கிடைக்காது. எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கண்டெய்னர் லாரிகளில் டிரைவர்கள் தூக்கமில்லாமல் உட்கார்ந்திருப்பார்கள். மணலி சுத்திகரிப்பு ஆலையிலும் அத்திப்பட்டு அனல்மின் நிலையத்திலும் நைட் ஷிப்ட் முடித்த ஒப்பந்தத் தொழிலாளிகள் வீடு திரும்பிக்கொண்டிருப்பார்கள். ராத்திரியில் ரோட்டில் இருப்பது இங்கே பிழைப்பு. ஆனால் தடுப்பு போட்டு நிற்கும் ரோந்துக்கு, ராத்திரியில் ரோட்டில் இருப்பவன் சந்தேகத்துக்குரியவன்.

அந்தத் தடுப்பில் நடப்பதைக் கிட்டப் போய்ப் பாருங்கள். வண்டி நின்றதும் சாவியைப் பிடுங்குகிறார்கள், பேச்சு அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. லைசென்ஸைக் கேட்பதற்கு முன்னால் வரும் கேள்வி, "எந்த ஏரியாடா?" காசிமேடு, காலடிப்பேட்டை, வியாசர்பாடி, கொடுங்கையூர் என்று பதில் வந்தால் குரல் ஏறுகிறது. மேலே என்ன கேஸ் இருக்கு என்கிறார்கள். கைபேசியைத் தூக்கிப் பிடித்து முகத்தைப் படம் எடுக்கிறார்கள். மீன் தண்ணீர் ஊறிய லுங்கியோடு நிற்கும் ஐம்பது வயதுக்காரருக்கும் 'டா'தான். இதே சோதனையில் ஒரு பெரிய கார் நின்றால் 'சார்' என்ற சொல் தானாக வருகிறது. சட்டம் ஒன்று, சாலை ஒன்று, மரியாதை மட்டும் இரண்டு.

இப்படி நிற்கவைக்கப்படும் பையன் ஏன் வண்டியைத் திருப்புகிறான்? லைசென்ஸ் எடுத்திருக்க மாட்டான். வண்டி மாதத் தவணையில் வாங்கியதாக இருக்கும்; பறிமுதல் ஆனால் கோர்ட்டுக்கு அலைந்து மீட்பதற்குள் வேலையே போய்விடும். போன மாதம் இதே இடத்தில் நண்பனை 'சந்தேக கேஸ்' என்று கூட்டிப்போய் விடியும் வரை உட்காரவைத்ததைப் பார்த்திருப்பான். தப்பு செய்தவன் மட்டும்தான் பயப்படுவான் என்பது அடி வாங்காதவர்களின் கணக்கு. அடியைப் பார்த்தவன் தப்பே செய்யாமலும் பயப்படுவான். இந்தப் பயத்தை உண்டாக்கியது போலீசின் நடத்தை. அந்தப் பயத்தையே குற்றத்துக்குச் சாட்சியாக்குவது எந்த ஊர் நியாயம்?

'ரவுடிக்கு எதுக்கு இத்தனை பரிதாபம்' என்பார்கள். இந்த நம்பிக்கையின் அடிவேர் இதுதான். கைதானவன் 'பாத்ரூமில் வழுக்கி விழுந்து' கையில் மாவுக்கட்டோடு நிற்கும் படத்தை வாட்ஸ்ஆப்பில் சிரித்துக்கொண்டே பகிர்ந்த ஊர் இது. குற்றவாளிகள் மட்டும் எப்படி வழுக்கி விழுகிறார்கள் என்று உயர் நீதிமன்றமே கேட்ட பிறகும் அந்தச் சிரிப்பு அடங்கவில்லை. விக்னேஷ் செத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, 2022 ஜூனில் கொடுங்கையூர் போலீஸ் விசாரணைக்குக் கூட்டிப்போன ராஜசேகர் இறந்தார். அவர் மேல் பல வழக்குகள் இருந்தன. அதனால் கேட்பாரும் குறைந்துபோனார்கள்.

2024 ஜூலையில் சென்னையின் புதிய போலீஸ் கமிஷனர் பொறுப்பேற்றபோது, ரவுடிகளுக்குப் புரியும் மொழியில் பாடம் சொல்லித்தரப்படும் என்றார். அந்த மாதமே புழல் பக்கம் ஒரு என்கவுன்டர். செப்டம்பர் 18ஆம் தேதி வியாசர்பாடியில் காக்கா தோப்பு பாலாஜி. வாகனச் சோதனையில் நிற்காமல் தப்பினார், துரத்தியபோது சுட்டார், திருப்பிச் சுட்டோம் என்றது போலீஸ். செப்டம்பர் 23ஆம் தேதி அக்கரையில் சீசிங் ராஜா. மூன்று மாதத்துக்குள் மூன்று உயிர்கள். பாலாஜி உத்தமர் என்று நான் வாதாடவில்லை. அவர் மேல் கொலை வழக்குகள் இருந்தன. ஆனால் கொலை வழக்கில் தீர்ப்பு எழுதும் இடம் கோர்ட். 2014இல் உச்ச நீதிமன்றம் பியூசிஎல் வழக்கில் ஒவ்வொரு என்கவுன்டருக்கும் எப்ஐஆர், தனி அமைப்பின் விசாரணை, மாஜிஸ்திரேட் விசாரணை என்று விதித்தது ரவுடிகள் மேல் இருந்த பாசத்தால் அல்ல. இன்று கேள்வி கேட்காமல் ரவுடியைச் சுடலாம் என்று விட்டால், ரவுடி யார் என்று நாளை முடிவு செய்யப்போவதும் அதே துப்பாக்கிதான். அப்போது எண்ணூரில் பிறந்தாலே பாதிப் பட்டம் கிடைத்துவிடும்.

போலீஸ்காரர்களும் சாலையில் செத்திருக்கிறார்கள். 2020 ஜனவரி 8ஆம் தேதி களியக்காவிளை சோதனைச் சாவடியில் சிறப்பு சப்-இன்ஸ்பெக்டர் வில்சனைச் சுட்டுக் கொன்றார்கள். 2021 நவம்பரில் ஆடு திருடர்களைத் தனி ஆளாகத் துரத்திப் பிடித்த சிறப்பு சப்-இன்ஸ்பெக்டர் பூமிநாதனைக் கீரனூர் அருகே வெட்டிக் கொன்றார்கள். இரண்டு சாவும் என் நெஞ்சை அறுத்தவை. ராத்திரி ரோந்துக்குத் தனியாளை அனுப்பாதீர்கள், ஓய்வு கொடுங்கள், பாதுகாப்புக் கருவி கொடுங்கள் என்று போலீஸ்காரர்களுக்காகவும் நாம் கேட்க வேண்டும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த இரண்டு வழக்கிலும் 'அவர் ஏன் அந்த நேரத்தில் அங்கே போனார்' என்று யாரும் கேட்கவில்லை. கொன்றவர்களைத் தேடிப் பிடித்துக் கைது செய்தார்கள். அதுதான் முறை. அதே முறை முருகேசனுக்கும் உஷாவுக்கும் விக்னேஷுக்கும் வேண்டும் என்பதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை.

செய்ய வேண்டியவை தெரியாத விஷயங்கள் இல்லை. கைது செய்யும் காவலரின் பெயர் வில்லை தெளிவாகத் தெரிய வேண்டும், கைது குறிப்பில் சாட்சி கையெழுத்திட வேண்டும், வீட்டாருக்குத் தகவல் போக வேண்டும் என்று டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது 1996இல். ஸ்டேஷன் முழுக்க கேமரா வேண்டும் என்றது 2020இல். போலீஸ் மேல் வரும் புகாரை விசாரிக்க ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் ஆணையம் வேண்டும் என்று பிரகாஷ் சிங் வழக்கில் சொன்னது 2006இல்; தமிழ்நாடு 2013இல் இயற்றிய சட்டமோ உள்துறைச் செயலாளரையே அதற்குத் தலைவர் ஆக்கியது. புகாருக்கு ஆளான துறையின் மேலதிகாரியிடமே புகாரைக் கொடுக்கச் சொல்லும் சட்டம் மாற வேண்டும். ஒவ்வொரு இரவுச் சோதனையிலும் காவலரின் சட்டையில் கேமரா ஓட வேண்டும். யாரை நிறுத்தினோம், ஏன் நிறுத்தினோம், எத்தனை மணிக்கு விட்டோம் என்று எழுதிய சீட்டு நிறுத்தப்பட்டவர் கைக்கு வர வேண்டும். நேர்மையான போலீஸ்காரருக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு கிடையாது.

இவற்றை அரசு தானாகத் தராது. நாம் கேட்டால்தான் வரும். 'நின்றிருந்தால் பிழைத்திருப்பான்' என்று நாமே சொல்லிக்கொண்டிருக்கும் வரை யாரும் கேட்கப்போவதில்லை. ஏனென்றால் அந்த ஒரு வரியில் விசாரணை முடிந்துவிடுகிறது. அதனால் ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்வாசிகளிடம் கேட்டுக்கொள்கிறேன்: அந்த வரியை இனிச் சொல்லாதீர்கள். மாவுக்கட்டுப் படம் வந்தால் பகிராதீர்கள். சோதனையில் ஒருவர் செத்தார் என்று செய்தி வந்தால், செத்தவர் மேல் எத்தனை கேஸ் என்று தேடாமல், பிரேதப் பரிசோதனை அறிக்கை எங்கே, கேமராப் பதிவு எங்கே, எப்ஐஆர் யார் மேல் என்று உங்கள் கவுன்சிலரிடமும் எம்எல்ஏவிடமும் கேளுங்கள். ராத்திரியில் ரோட்டில் போகிற பிள்ளைகள் நம் பிள்ளைகள். அவர்களுக்காகக் கேட்க வேறு யாரும் வரப்போவதில்லை.