சாகோஸ் மக்களையும் கேளுங்கள்



சாகோஸ் தீவுகள் பற்றிய பேச்செல்லாம் பிரிட்டனுக்கா, மொரீசியசுக்கா என்பதோடு நின்றுவிடுகிறது. 1965இல் அவற்றை மொரீசியசிலிருந்து பிரித்தது சட்டப்படி செல்லாது என்று சர்வதேச நீதிமன்றம் 2019இல் கருத்துச் சொன்னது; நியாயமே. ஆனால் அமெரிக்க ராணுவத் தளத்துக்காக 1973க்குள் கப்பலேற்றி அனுப்பப்பட்ட மக்கள்? தலைமுறை தலைமுறையாகக் கொப்பரைத் தோப்புகளில் உழைத்தவர்கள் அவர்கள். அவர்கள் வளர்த்த நாய்களைக்கூடப் புகையிட்டுக் கொன்றார்கள். இந்தக் கொடுமைக்கு எந்த வரைபடமும் ஈடாகாது.

2025 மே மாதம் கையெழுத்தான ஒப்பந்தம் இறையாண்மையை மொரீசியசுக்குத் தருகிறது. அந்த ராணுவத் தளம் இருக்கும் டியேகோ கார்சியா தீவையோ 99 ஆண்டுகளுக்குப் பிரிட்டனிடமே குத்தகைக்கு விடுகிறது. அத்தீவில் பிறந்தவர்கள் அங்கே குடியேற வழியில்லை. பேசி முடித்தவை இரண்டு அரசுகள் மட்டுமே. அம்மக்களிடம் வாக்கெடுப்பு நடத்த வேண்டும்.

- ஒரு வாசகர், நாகப்பட்டினம்