புள்ளிராஜாவிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு!

'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' 2000-களின் தொடக்கத்தில் தமிழ்நாடு முழுக்க விளம்பரப் பலகைகளில் இருந்த இந்தக் கேள்வியை உங்கள் அப்பா, அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள், உடனே சிரிப்பார்கள். எய்ட்ஸ் என்ற சொல்லை டீக்கடை வரை கொண்டுபோன விளம்பரம் அது. ஆனால், 'அது அந்த மாதிரி ஆளுங்களுக்கு வர்றது, நமக்கு இல்லை' என்ற நினைப்பும் அந்தக் காலத்திலேயே நம் மனதில் ஆழமாகப் பதிந்துவிட்டது. என்னைக் கேட்டால், இன்று வைரஸைவிட ஆபத்தானது அந்த நினைப்புதான்.

சென்னையில் தொடங்கிய கதை

1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமனும் அவரது மாணவி நிர்மலாவும் பாலியல் தொழிலாளர்களின் ரத்த மாதிரிகளைச் சேகரித்தார்கள். வேலூர் சி.எம்.சி-யில் பரிசோதித்தபோது 6 பெண்களுக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. இந்தியாவில் கண்டறியப்பட்ட முதல் தொற்றுகள் இவைதான். அந்தப் பெண்களுக்கும் அது யாரோ ஒருவரிடமிருந்து வந்ததுதான். பழி மட்டும் அவர்கள்மீதே நின்றது. பிறகு, கணவரைத் தவிர யாரையும் அறியாத மனைவிகளும் இதே நோயோடு மருத்துவமனைக்கு வந்தார்கள்.

மருந்துதான் இருக்கே, அப்புறம் என்ன?

இருக்கிறது. 2004 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் கூட்டு மருந்து சிகிச்சை இலவசம். மாத்திரையைத் தவறாமல் எடுத்து, ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், உடலுறவு மூலம் அடுத்தவருக்குப் பரவாது. தொற்றுள்ள தாய் சிகிச்சை எடுத்துக்கொண்டால், தொற்றில்லாத குழந்தையைப் பெற்றெடுக்க முடியும்.

அப்படியும் 2024-ல் மட்டும் உலகம் முழுக்க சுமார் 6.3 லட்சம் பேர் எய்ட்ஸ் தொடர்பான நோய்களால் இறந்திருக்கிறார்கள் என்கிறது ஐ.நா. எய்ட்ஸ் அமைப்பு. தொற்றோடு வாழும் சுமார் 4.08 கோடி பேரில் ஏறக்குறைய 90 லட்சம் பேர் சிகிச்சைக்குள் வரவே இல்லை. ஏழை நாடுகளில் மருந்து எட்டாமல் இருக்கலாம். நம் ஊரில் ஏன் தயக்கம்?

வில்பட்டியில் இருந்து பாருங்கள்

கொடைக்கானலை ஒட்டிய மலைக்கிராமம் வில்பட்டி. பூண்டும் காய்கறியும் விளையும் ஊர். அங்கே ஒருவருக்குத் தொற்று என்று வைத்துக்கொள்வோம். மாத்திரைக்காகத் திண்டுக்கல் வரை மலை இறங்க வேண்டும் என்றால், ஒருநாள் கூலி போச்சு. அதையாவது சமாளிக்கலாம். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருப்பவர், 'என்னண்ணே, போன மாசமும் போனீங்களே?' என்று கேட்டால் என்ன சொல்வது? சென்னையில் கூட்டத்தோடு கூட்டமாக வரிசையில் நிற்கலாம். எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த ஊரில் அது முடியாது. இந்தப் பயத்தில்தான் பரிசோதனை தள்ளிப்போகிறது, மாத்திரை பாதியில் நிற்கிறது.

பக்கத்து மருத்துவமனையிலேயே மாத்திரை தரும் இணைப்பு மையங்கள், சில மாத மாத்திரையை மொத்தமாகத் தரும் முறை இரண்டுமே அரசுத் திட்டத்தில் உண்டு. மலைக்கிராமங்களுக்குத்தான் இவை முழுமையாகக் கிடைக்க வேண்டும். அங்கே ரகசியம் காப்பதும் சிகிச்சையில் பாதி.

சட்டம் உங்கள் பக்கம்

2018 செப்டம்பர் 10-ல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம், தொற்றைக் காரணம் காட்டி வேலை, கல்வி, சிகிச்சை, வாடகை வீடு ஆகியவற்றில் பாகுபாடு காட்டுவதைத் தடை செய்கிறது. சம்மதம் இல்லாமல் பரிசோதிப்பதும், ஒருவரின் நிலையை வெளியே சொல்வதும் தவறு. இதை உங்கள் ஆபீஸ் ஹெச்.ஆர்-உம் தெரிந்துகொள்வது நல்லது.

நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: அரசு மருத்துவமனைகளில் உள்ள 'நம்பிக்கை மைய'த்தில் பரிசோதனை இலவசம், முடிவும் ரகசியம். சந்தேகம் இருந்தால் 1097-க்குக் கட்டணமின்றி அழைக்கலாம். தொற்று ஏற்பட்டிருக்கலாம் என்ற பயம் இருந்தால், 72 மணி நேரத்துக்குள் டாக்டரைப் பாருங்கள். தடுப்பு மாத்திரைகள் இருக்கின்றன, சீக்கிரம் போவது நல்லது.

ஆக, புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா, வராதா என்ற ஆராய்ச்சி போதும். 'டெஸ்ட் எடுத்தாச்சா ராஜா?' என்று சாதாரணமாகக் கேட்கப் பழகுவோம்.