ஒயரைப் பிடுங்கினால் ஓசை போச்சு!

சினிமாப் பாட்டில் கடல் இரைகிறது. கோயில் மணி ஒலிக்கிறது. ஆனால் கடலும் இல்லை, மணியும் இல்லை. எல்லாம் மின்சாரம் செய்யும் வேலை! அந்தக் கருவிக்கு "சின்தசைசர்" என்று பெயர்.

இதில் சில வகைகள், ஒருமுறை செய்த ஓசையை ஞாபகம் வைத்துக்கொள்ளும். 1978-ல் வந்த "பிராபெட் 5" என்ற கருவி 40 ஓசைகளைச் சேமித்து வைத்தது. பொத்தானை அழுத்தினால் போதும்.

அதற்கு மூத்த அண்ணன், "மாடுலர் சின்தசைசர்". அமெரிக்காவில் ராபர்ட் மூக் 1964-ல் செய்து காட்டியது. இன்றும் பலர் விரும்பி வாங்குகிறார்கள்.

அதில் பல பெட்டிகள் இருக்கும். ஒன்று ஓசையை எழுப்பும். ஒன்று வடிகட்டும். ஒன்று கூட்டிக் குறைக்கும். அந்தக் காலத்து டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஒயர்களைச் சொருகுவார்களே, அதுபோல் இவற்றை இணைக்கவேண்டும். இப்படி இணைத்த முறைதான் "பேட்ச்". ஒயரைப் பிடுங்கினால் ஓசை போச்சு!

நம் நாட்டிலும் இந்தப் பெட்டி இருந்தது. 1969-ல் ஆமதாபாத் தேசிய டிசைன் நிறுவனத்தில் டேவிட் டியூடர் என்ற அமெரிக்கர் அதை அமைத்துக் கொடுத்தார். நம்மவர்களும் அதில் இசை செய்தார்கள். அந்த ஒலிநாடாக்கள் பல ஆண்டுகள் கிடந்து, 2017-ல்தான் வெளிச்சத்துக்கு வந்தன. நாடாவைச் சுழற்றினால் ஓசை கேட்கும். ஆனால் எந்த ஒயர் எந்தத் துளையில் இருந்தது என்று நாடா சொல்லுமா?

ஆகவே எழுதி வைக்கவேண்டும். "எழுதினால் கற்பனை ஓடிவிடும்" என்பது வீண் பேச்சு. முத்துசுவாமி தீட்சிதர் 1835-ல் மறைந்தார். அவர் பரம்பரையில் வந்த சுப்பராம தீட்சிதர், 1904-ல் எட்டயபுரத்தில் அந்தக் கீர்த்தனைகளைக் கமகக் குறிகளோடு அச்சிட்டார். சென்னை மியூசிக் அகாடமி, 1961 முதல் அதைத் தமிழ் எழுத்தில் வெளியிட்டது. மயிலாப்பூர்ப் பாடகர்களின் கற்பனை அதனால் வற்றிவிட்டதா, என்ன?

பிழைப்பும் இதில் இருக்கிறது. இன்று ஒலிப்பதிவு முடிகிறது. ஒயர்களைக் கழற்றியாகிவிட்டது. நாளை டைரக்டர் வந்து, "அதே ஓசை இன்னும் இரண்டு நிமிஷம் வேண்டும்" என்றால்?

செல்போனில் படம் எடுத்தால் போதாதா? போதாது! தொங்கும் ஒயர்கள் குமிழ்களை மறைத்துவிடும். நோட்டில் பெட்டிகளை வரையவேண்டும். ஒவ்வொரு ஒயருக்கும் ஒரு வண்ணம். எங்கிருந்து எங்கே என்று அம்புக்குறி. குமிழ் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைக் கடிகார முள்போல "3 மணி", "10 மணி" என்று குறிக்கலாம். கூடவே ஓசையையும் அரை நிமிஷம் பதிவு செய்யவேண்டும்.

இன்னொன்று. இந்தக் கருவிகளுக்குச் சூடு ஆகாது, சுருதி விலகும். ஏ.சி. அறையில் சேர்த்த சுருதி, சித்திரை மாதம் கரண்ட் போய்வந்த பிறகு அப்படியே நிற்காது. நோட்டில் தேதியோடு அன்றைய வெக்கையையும் ஒரு வரி எழுதினால் நல்லது.