இயர்போனுக்குக் குறிவைத்த வரி திரையரங்கைத் தாக்கலாமா?

சென்னையிலிருந்து கொல்கத்தா நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 80 கி.மீ. வடக்கே, ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் ஏவுதளத்துக்குச் செல்லும் சாலை பிரியும் இடத்தில் இருக்கிறது சூளூர்பேட்டை. செங்காளம்மன் கோயிலுக்கும், பழவேற்காடு ஏரியை நாடிவரும் பூநாரைகளுக்கும் பெயர்பெற்ற இந்த ஊருக்கு 2019 ஆகஸ்டில் மேலும் ஓர் அடையாளம் சேர்ந்தது. சென்னையைச் சேர்ந்த கியூப் சினிமா நிறுவனத்தின் "எபிக்" தொழில்நுட்பத்தில் அமைந்த பெரும் திரையரங்கு அங்கு திறக்கப்பட்டது. சுமார் 100 அடி அகலத் திரை, 600-க்கும் மேற்பட்ட இருக்கைகள், டால்பி அட்மாஸ் ஒலியமைப்பு என்று பெருநகரங்களிலும் காணக் கிடைக்காத வசதிகளைக் கொண்ட அரங்கம் அது. தமிழகத்திலிருந்தும் ரசிகர்கள் எல்லை தாண்டிச் சென்று படம் பார்த்தனர்.

இத்தகைய அரங்கில் படம் பார்ப்பவர்கள் திரையின் அளவை வியக்கிறார்கள். ஒலியின் துல்லியத்தைப் பாராட்டுகிறார்கள். அந்த ஒலியைத் தரும் ஸ்பீக்கர்கள் மீது மத்திய அரசு எவ்வளவு சுங்க வரி விதிக்கிறது என்று எவரும் கேட்பதில்லை. ஆனால், சிற்றூர்களில் நல்ல திரையரங்குகள் வருமா, வந்தவை தாக்குப்பிடிக்குமா என்பதைத் தீர்மானிக்கும் காரணிகளில் இந்த வரியும் ஒன்று.

சூளூர்பேட்டை அரங்கம் திறக்கப்படுவதற்குப் பதினோரு மாதங்களுக்கு முன்பு, 2018 செப்டம்பர் 26-ஆம் தேதி, 19 பொருள்களின் மீதான சுங்க வரியை மத்திய அரசு உயர்த்தியது. குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திரம், காலணி ஆகியவற்றுடன் ஸ்பீக்கரும் அந்தப் பட்டியலில் இடம்பெற்றது. அதன் மீதான அடிப்படைச் சுங்க வரி 10 சதவீதத்திலிருந்து 15 சதவீதமானது. நடப்புக் கணக்குப் பற்றாக்குறையைக் குறைக்க, அத்தியாவசியமற்ற இறக்குமதியைக் கட்டுப்படுத்துவதே நோக்கம் என்று அப்போது கூறப்பட்டது. வீட்டில் பாட்டுக் கேட்பவருக்கு ஸ்பீக்கர் அத்தியாவசியமற்றதாக இருக்கலாம். திரையரங்கு உரிமையாளருக்கும், ஒலிப்பதிவுக் கூடத்துக்கும், திருவிழாவுக்கு மைக் செட் போடுபவருக்கும் அது உழவனுக்கு ஏர் போன்றது.

நான்காண்டுகளுக்குள் அடுத்த உயர்வு வந்தது. 2022-ஆம் ஆண்டு பட்ஜெட்டில் ஸ்பீக்கர், ஹெட்போன், இயர்போன் ஆகியவற்றின் மீதான வரி 15-லிருந்து 20 சதவீதமாக உயர்த்தப்பட்டது. உடலில் அணியும் கருவிகள், காதில் பொருத்தும் கருவிகள், ஸ்மார்ட் மீட்டர்கள் ஆகியவற்றின் உள்நாட்டு உற்பத்தியை ஊக்குவிப்பதற்காகவே படிநிலை வரி அமைப்பு கொண்டுவரப்படுவதாக நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் தமது உரையில் குறிப்பிட்டார். குறி, இயர்போன் சந்தை. ஆனால், அதே அடி திரையரங்கு ஸ்பீக்கர் மீதும் விழுந்தது.

இந்த உயர்வு நடைமுறையில் எவ்வளவு சுமை என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. துறைமுகத்தில் வந்திறங்கும் ஸ்பீக்கரின் மதிப்பு, கப்பல் கட்டணத்தையும் காப்பீட்டையும் சேர்த்து ரூ. 1 லட்சம் என்று கொள்வோம். 20 சதவீத அடிப்படை வரி ரூ. 20,000. அந்த வரியின் மீது 10 சதவீத சமூக நலக் கூடுதல் வரி ரூ. 2,000. ஆக ரூ. 1,22,000. இந்த மொத்தத் தொகையின் மீது 18 சதவீத ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி ரூ. 21,960. முடிவில் அடக்க விலை ரூ. 1,43,960. அடிப்படை வரி 10 சதவீதமாகவே இருந்திருந்தால் இது ரூ. 1,30,980 ஆக இருந்திருக்கும்.

ஜிஎஸ்டி பதிவுள்ள திரையரங்கு நிறுவனம், தான் செலுத்திய ஜிஎஸ்டியை டிக்கெட் மீதான வரியில் ஈடுகட்டிக்கொள்ள முடியும். அடிப்படைச் சுங்க வரிக்கும் சமூக நலக் கூடுதல் வரிக்கும் அந்தச் சலுகை இல்லை. அவை முழுவதும் செலவுதான். லட்சத்துக்கு ரூ. 11,000 ஆக இருந்த இந்தச் செலவு ரூ. 22,000 ஆகி, இரு மடங்காகிவிட்டது. டால்பி அட்மாஸ் அமைப்பில் 64 ஒலி வெளியீடுகள் வரை இருக்கலாம். பக்கச் சுவர்களிலும் பின்சுவரிலும் கூரையிலும் தனித்தனி ஸ்பீக்கர்கள் பொருத்த வேண்டும். ஒரு கோடி ரூபாய்க்கு ஸ்பீக்கர்களை இறக்குமதி செய்யும் அரங்கம், திரும்பப் பெற முடியாத வரியாக மட்டும் ரூ. 22 லட்சம் கட்ட வேண்டியிருக்கும்.

ஆந்திரத் திரையரங்குகளின் நிலை இன்னும் சிக்கலானது. அம்மாநில அரசு 2021 ஏப்ரலில் டிக்கெட் விலைக்கு மிகக் குறைந்த உச்சவரம்பை விதித்தது. கடும் எதிர்ப்புக்குப் பிறகு 2022 மார்ச்சில்தான் அது திருத்தப்பட்டது. அதாவது, ஸ்பீக்கருக்கான சுங்க வரி தில்லியில் உயர்த்தப்பட்ட அதே காலகட்டத்தில், அந்தச் செலவை மீட்பதற்கான டிக்கெட் விலை அமராவதியில் முடக்கப்பட்டிருந்தது. இரண்டு அரசுகளும் எடுத்த முடிவுகள் ஒரே முதலீட்டாளரின் மீது இறங்கின. ஒன்றின் விளைவை மற்றொன்று கணக்கில் கொள்ளவில்லை.

திரையரங்கு உரிமையாளரைவிட எளிய நிலையில் இருப்பவர்கள் ஊர்தோறும் மைக் செட் வைத்திருப்பவர்கள். கோயில் கொடைக்கும், திருமணத்துக்கும், அரசியல் கூட்டத்துக்கும் ஒலியமைப்பை வாடகைக்குத் தரும் இவர்களில் பலரது ஆண்டு வருவாய், சேவைத் துறைக்கான ஜிஎஸ்டி பதிவு வரம்பான ரூ. 20 லட்சத்தை எட்டுவதில்லை. பதிவு இல்லாதவர் உள்ளீட்டு வரியைத் திரும்பப் பெற முடியாது. சென்னை ரிச்சி தெருவில் வெளிநாட்டு ஸ்பீக்கர் வாங்கும்போது, விலைக்குள் மறைந்திருக்கும் சுங்க வரியும் ரசீதில் தெரியும் ஜிஎஸ்டியும் அவர் தலையிலேயே தங்கிவிடுகின்றன. பெரிய நிறுவனத்தைவிடச் சிறிய தொழிலாளி கூடுதல் விழுக்காட்டில் வரி சுமக்கும் விநோதம் இது.

பிரச்னையின் வேர் வரி விகிதத்தில் மட்டும் இல்லை, வகைப்பாட்டிலும் இருக்கிறது. சுங்க அட்டவணையில் 8518 என்ற தலைப்பின் கீழ் மைக், ஸ்பீக்கர், ஹெட்போன், ஆம்ப்ளிஃபயர் ஆகியவை வருகின்றன. பெட்டியில் பொருத்தப்பட்ட ஸ்பீக்கர்களை அது இரண்டாகப் பிரிக்கிறது. ஒரு பெட்டிக்குள் ஒரே ஸ்பீக்கர் இருந்தால் ஒரு வகை. ஒன்றுக்கு மேல் இருந்தால் மற்றொரு வகை. எதற்குப் பயன்படுகிறது, எத்தனை வாட் திறன் என்ற கேள்விகளுக்கே இடமில்லை. மேசைமீது வைக்கும் சில நூறு ரூபாய்ப் பெட்டியும், திரைக்குப் பின்னால் ஆளுயரத்துக்கு நிற்கும் பல லட்ச ரூபாய்ப் பெட்டியும் ஒரே வரிசையில் நிற்கின்றன. முன்னதற்காகப் போடப்படும் வரி பின்னதையும் தாக்குவதற்கு இதுவே காரணம்.

உள்நாட்டுத் தொழிலைப் பாதுகாக்க வேண்டாமா என்ற கேள்வி எழும். நியாயமான கேள்விதான். தில்லியின் அஹுஜா நிறுவனம் 1940 முதல் ஒலிபெருக்கிகளைத் தயாரித்து வருகிறது. நாட்டின் பொதுக்கூட்ட மேடைகளில் அதன் பெயரைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. ஜப்பானின் யமஹா நிறுவனம் சென்னை அருகே 2019-இல் இசைக் கருவி ஆலையில் உற்பத்தியைத் தொடங்கியது. மலிவான சீனப் பொருள்கள் குவிந்தால் இத்தகைய ஆலைகள் பாதிக்கப்படும் என்ற அச்சத்தை ஒதுக்கித் தள்ளிவிட முடியாது.

வரிப் பாதுகாப்பு எங்கு பலன் தரும் என்பதற்குச் சான்று சூளூர்பேட்டைக்கு அருகிலேயே இருக்கிறது. ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் ஃபாக்ஸ்கான் நிறுவனம் 2015-இல் செல்போன் தயாரிப்பைத் தொடங்கியது. செல்போன் மீதான சுங்க வரி 2017 டிசம்பரில் 15 சதவீதமாகவும், 2018 பிப்ரவரியில் 20 சதவீதமாகவும் உயர்ந்தது. கோடிக்கணக்கில் விற்கும் பொருள் என்பதால் ஆலைகள் பெருகின. தொழில் முதிர்ச்சி அடைந்துவிட்டது என்று கூறி, 2024 ஜூலை பட்ஜெட்டில் அந்த வரியை அரசே 15 சதவீதமாகக் குறைத்தது. பாதுகாப்பு தேவைப்பட்டபோது வரி உயர்ந்தது. தேவை குறைந்தபோது தாழ்ந்தது.

திரையரங்கு ஸ்பீக்கரின் சந்தை அப்படிப்பட்டதன்று. நாடு முழுவதும் ஆண்டுக்குச் சில அரங்குகளும், சில ஒலிப்பதிவுக் கூடங்களும், பெரிய வாடகை நிறுவனங்களும் வாங்கும் பொருள் அது. இந்த அளவு தேவையை நம்பி, வரி உயர்வுக்காக மட்டும் யாரும் ஆலை அமைக்க மாட்டார்கள். வரி உயர்ந்தால் விலை உயரும், உற்பத்தி உயராது. செல்போனுக்குச் செய்ததுபோல் விளைவை ஆய்ந்து விகிதத்தைத் திருத்தும் அக்கறையாவது இங்கு காட்டப்பட்டிருக்கலாம்.

உலகின் பெரும் வணிக நாடுகள் இதில் வேறு பாதையைத் தேர்ந்தெடுத்தன. 2015 டிசம்பரில் நைரோபியில், தகவல் தொழில்நுட்ப உடன்பாட்டின் விரிவாக்கம் முடிவானது. 201 வகைப் பொருள்களுக்குச் சுங்க வரியை நீக்கும் அந்தப் பட்டியலில் மைக், ஸ்பீக்கர், ஹெட்போன் ஆகியவை அடங்கும். அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம், ஜப்பான் ஆகியவற்றுடன் சீனாவும் அதில் சேர்ந்தது. 1997-இல் முதல் உடன்பாட்டில் சேர்ந்ததால் உள்நாட்டு மின்னணுத் தொழில் நலிந்தது என்ற அனுபவத்தால், இந்தியா விலகி நின்றது. அந்த எச்சரிக்கையைக் குறை கூற முடியாது. எனினும், 201 பொருள்களுக்கும் கதவைத் திறப்பதற்கும், ஒன்றுக்கும் திறக்காமல் மேலும் தாழிடுவதற்கும் இடையே வழிகள் பல உண்டு.

ஆசியான் நாடுகளுடனான ஒப்பந்தம் 2010-இலும், ஜப்பானுடனான ஒப்பந்தம் 2011-இலும் நடைமுறைக்கு வந்தன. 2025 ஜூலை 24-ஆம் தேதி பிரிட்டனுடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆனால், வரிச் சலுகை பெறப் பொருள் எந்த நாட்டில் தயாரானது என்பதற்கான சான்று வேண்டும். நிறுவனத்தின் பெயர் போதாது. 2020 முதல் அந்தச் சான்றுக்கான பொறுப்பும் இறக்குமதியாளர் மீது கடுமையாகச் சுமத்தப்பட்டுள்ளது. பெரிய நிறுவனங்கள் சமாளிக்கும். ஓரிரு பெட்டிகள் வாங்கும் சிறு நிறுவனத்துக்கு இந்த ஒப்பந்தங்கள் ஏட்டுச் சுரைக்காய்தான்.

அமெரிக்கா 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்கள் மீதான வரியை 50 சதவீதமாக உயர்த்தியபோது, அதன் சுமை அமெரிக்க நுகர்வோர் மீதும் விழும் என்று இங்கு பலரும் வாதிட்டனர். அது சரியான வாதம். வாஷிங்டனுக்குப் பொருந்தும் கணக்கு சூளூர்பேட்டைக்கும் பொருந்தாமல் போகாது.

மத்திய நிதியமைச்சகம் செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது, தொழில்முறை ஸ்பீக்கர்களுக்குத் தனி வரி வரிசை ஏற்படுத்துவது. சுங்கக் குறியீட்டின் முதல் ஆறு இலக்கங்கள்தான் உலகப் பொதுவானவை. அடுத்த இரண்டு இலக்கங்களை இந்தியாவே வகுத்துக்கொள்ளலாம். திறன், பயன்பாடு ஆகியவற்றின் அடிப்படையில் பிரித்து, பழைய 10 சதவீதத்துக்குத் திரும்புவதில் எந்தச் சர்வதேசத் தடையும் இல்லை. இரண்டாவது, உள்நாட்டுத் தயாரிப்பாளருக்கு உண்மையில் உதவ வேண்டுமானால், முழுப் பெட்டியின் மீதான வரியைவிட உள்ளே பொருத்தும் பாகங்களின் மீதான வரி எப்போதும் கணிசமாகக் குறைந்திருக்க வேண்டும். மூன்றாவது, வரி உயர்வுக்கும் காலக்கெடு வேண்டும். நிபந்தனையுடன் கூடிய சுங்க விலக்குகள் இரண்டு ஆண்டுகளுக்குப் பிந்தைய மார்ச் 31-இல் தாமாகவே காலாவதியாகும் என்று 2021-இல் சட்டம் திருத்தப்பட்டது. விலக்குக்குக் கெடு உண்டு. உயர்வுக்கு இல்லை என்பது என்ன நியாயம்?

இதனால் கருவூலத்துக்கு ஏற்படும் இழப்பு பெரிதாக இருக்க வாய்ப்பில்லை. ஆனால், மாநில எல்லையோரச் சிற்றூர் ஒன்றில் உலகத் தரத்தில் ஓர் அரங்கம் அமைக்கத் துணிபவருக்கும், கடன் வாங்கிப் புதிய பெட்டி வாங்க நினைக்கும் மைக் செட்காரருக்கும் அது பெரிய தொகை. 2018-இல் ஸ்பீக்கரை அத்தியாவசியமற்ற பொருள் என்று பட்டியலிட்டவர்கள், அதைக் கொண்டு பிழைப்பவர்களை ஒருமுறையாவது எண்ணிப் பார்க்க வேண்டும்.